உள்ளங்கையில் ஒரு கல்லூரி

ஹெலன் கெல்லர் அம்மையாரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர்கள் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பார்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் இருந்த ஒரு சிறுமியின் ஒரு கையைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர் என்னும் சொல்லை எழுதிக் காட்டிய ஆசிரியையின் கதை அது. நானும் படித்தேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்காக நெட்டுருப் போட்டேன். பிறகு மறந்தும் போனேன். அந்தப் பாடம் குழாயடியோடு நின்றுவிடும். அச்சிறுமி வளர்ந்து, நம்மைப் போலவே ஒரு கல்லூரியில் சேர்ந்து, நம்மைப் போலவே வினாத்தாளைக் கண்டு அஞ்சி, நான்கு ஆண்டுகள் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார் என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும் என்னும் ஆசையால் இக்கட்டுரையை எழுதுகிறேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எங்கள் மூன்றாமாண்டு வரலாற்று வகுப்பில் பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் ஒருவர் படிக்கிறார். எழுத்துகளைப் படித்துச் சொல்லும் செயலி அவர் கைப்பேசியில் உண்டு. வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில், கரும்பலகையில் எழுதிப்போடும் குறிப்புகளையும் நன்றாக எழுதும் மாணவியரின் நோட்டுப் பக்கங்களையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலை. ஒரு பருவத்தின் பாதிவரை தவறாமல் போட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அகமதிப்பீட்டுத் தேர்வில் நண்பர் தோற்றபோதுதான் உண்மை தெரிந்தது. கையெழுத்தின் படத்தை அவர் கைப்பேசி படிக்காது. நான் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அது படம் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் அறிவுரை ஏதும் கூறாமல் நூலகத்திலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துத் தந்தார். 1903ஆம் ஆண்டு வெளிவந்த ஹெலன் கெல்லரின் தன்வரலாறு அது. கல்லூரி மாணவியாக இருக்கும்போதே எழுதியது. குழாயடிக்குப் பிந்தைய இயல்களைப் படித்துப் பார் என்றார். படித்தேன், பிறகு கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஹெலன் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர், உள்நாட்டுப் போரில் தென்னவர் படையில் கேப்டனாக இருந்தவர். பின்னர் செய்தித்தாள் ஆசிரியரானார். பிறந்த பத்தொன்பதாம் மாதத்தில் வந்த ஒரு கடுங்காய்ச்சல் குழந்தையின் கண்ணையும் காதையும் ஒருசேரக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் ஐந்தாண்டுகள் வீட்டாருக்கும் அவளுக்கும் இடையே தலையசைப்பும் கைச்சைகையுமே மொழி. புரியவைக்க முடியாத ஆத்திரத்தில் அவள் உருண்டு புரண்டு அழுவாள். தாயார் கேட் அம்மையார் சார்லஸ் டிக்கன்ஸின் அமெரிக்கப் பயண நூலைப் படித்தவர். பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண், கண்ணும் காதும் இல்லாத நிலையிலும் கல்வி கற்றதை அந்நூலில் டிக்கன்ஸ் எழுதியிருந்தார். அந்த நினைவு தாயாரின் மனத்தில் சிறு விளக்காக எரிந்துகொண்டிருந்தது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் அடிப்படையில் காது கேளாதோருக்கு ஆசிரியர். பெற்றோர் அவரைச் சென்று கண்டனர். அவர் பெர்கின்ஸ் பள்ளிக்கு எழுதச் சொன்னார். அங்கிருந்து 1887 மார்ச் 3ஆம் நாள் வந்து சேர்ந்தவர்தாம் ஆன் சல்லிவன்.

ஆன் சல்லிவனைப் பற்றி இங்கே நான்கு வரி சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அவர் ஐரிஷ் ஏழைக் குடும்பத்தில் 1866இல் பிறந்தார். சிறு வயதிலேயே டிரகோமா என்னும் கண்நோயால் பார்வை பெரிதும் கெட்டது. தாய் இறந்தார். தம்பியோடு டியூக்ஸ்பரி என்ற ஊரில் ஏழைகள் விடுதியில் விடப்பட்டார். தம்பி அங்கேயே மாண்டான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம் தம்மைப் பள்ளிக்கு அனுப்பும்படி அச்சிறுமி தாமே மன்றாடினார். பதினான்கு வயதில், ஓரெழுத்தும் அறியாதவராக, பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார். ஆறே ஆண்டுகளில் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வையும் திரும்பியது. லாரா பிரிட்ஜ்மன் அப்போது அதே இல்லத்தில்தான் வாழ்ந்துவந்தார். அவரோடு பேசுவதற்காகவே ஆன் கைவிரல் எழுத்தைக் கற்றிருந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களை ஒவ்வொரு விதமாக மடக்கி எதிராளியின் உள்ளங்கையில் பதிப்பது அம்முறை. ஹெலனின் கல்வி முழுவதும் இந்த ஒற்றையடிப் பாதையின் வழியாகத்தான் நடந்தது.

குழாயடி நிகழ்ச்சி 1887 ஏப்ரலில் நடந்தது. அதைத் தாண்டிச் செல்கிறேன். என்னைக் கவர்ந்தது அதன்பின் ஆன் சல்லிவன் பாடம் நடத்திய விதம். மணியடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை அவர் விரைவிலேயே கைவிட்டார். பேசத் தெரியாத குழந்தையிடம் தாய் எப்படி முழு வாக்கியங்களாகவே பேசிக்கொண்டிருப்பாளோ, அப்படியே நாள் முழுதும் அந்தக் கையில் எழுதிக்கொண்டிருந்தார். பூகோளப் பாடம் டென்னசி ஆற்றங்கரையில் நடந்தது. கூழாங்கல்லால் அணை கட்டினார்கள். தீவும் ஏரியும் அமைத்தார்கள். களிமண்ணால் மேடு பள்ளமான வரைபடம் செய்து, மலைத்தொடரையும் பள்ளத்தாக்கையும் ஆற்றின் போக்கையும் ஹெலனை விரலால் தடவி அறியச் செய்தார். பூமியின் மண்டலங்களைப் பிரிக்க நூலைக் கட்டினார். பார்வையில்லாத பெண்ணுக்கு வரைபடம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை.

பெர்கின்ஸ் பள்ளியிலும், பேச்சுப் பயிற்சிக்காகப் பிற பள்ளிகளிலும், நியூயார்க்கில் காது கேளாதோர் பள்ளி ஒன்றிலும் சில ஆண்டுகள் கழிந்தன. ஹெலனுக்குச் சிறு வயதிலேயே ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கல்லூரிக்குப் போக வேண்டும். அதுவும் பார்வையும் செவியும் உள்ள பெண்களோடு போட்டியிட்டுப் போக வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அக்காலத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே பக்கத்திலேயே பெண்களுக்கென்று தனியாக ராட்கிளிஃப் கல்லூரி நடந்தது. ஹார்வர்டின் பேராசிரியர்களே அங்கு வந்து பாடம் சொன்னார்கள். வாசல் ஒருவருக்கு அடைபட்டிருந்தால் பக்கத்தில் சிறு வாசல் ஒன்று வைத்துக்கொடுப்பது அக்கால வழக்கம் போலும். ஹெலனுக்கு அந்தச் சிறு வாசலும் எளிதாகத் திறக்கவில்லை.

நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாக 1896 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். பாடநூல்கள் பலவும் பிரெய்ல் எழுத்தில் இல்லை. இருந்தவற்றைப் புள்ளியெழுத்தில் மாற்றித்தரப் பிற ஊர்களில் உள்ள அன்பர்களுக்கு அனுப்ப வேண்டும். அவை வந்து சேர்வதற்குள் வகுப்பு அந்தப் பாடத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே ஆன் சல்லிவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆசிரியர் சொல்வதையெல்லாம் கையில் எழுதுவார். வீட்டுக்குப் போனதும் அகராதி பார்ப்பது, புள்ளியெழுத்தில் இல்லாத நூல்களைப் படித்துச் சொல்வது எல்லாம் அவரே. தலைமையாசிரியர் ஆர்தர் கில்மனும் ஜெர்மன் ஆசிரியை ஒருவரும் மட்டும் ஹெலனுக்காகக் கைவிரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய பள்ளியில் இருவர்!

1897ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை முதற்கட்டத் தேர்வு. ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம், கிரேக்க-ரோமானிய வரலாறு ஆகியவற்றில் மொத்தம் ஒன்பது மணி நேரத் தேர்வுகள். தேர்வர்களைப் பெயரால் அன்றி எண்ணால் குறிப்பார்கள். ஹெலனின் எண் 233. ஆனால் தட்டச்சுப் பொறியில் விடையெழுதும் தேர்வர் அவர் ஒருவரே என்பதால் யாருடைய தாள் என்பதை மறைக்க வழியில்லை. பொறியின் ஓசை மற்றவர்களுக்கு இடையூறு என்று தனியறை கொடுத்தார்கள். கில்மன் வினாக்களைக் கையில் எழுதிக் காட்டினார். ஹெலன் தட்டச்சு செய்தார். நேரம் மிச்சமிருந்தால் கில்மன் விடையை மறுபடி கையில் வாசித்துக் காட்டுவார். ஹெலன் சொல்லும் திருத்தங்களை அவர் தாளில் குறித்துக்கொடுப்பார். எழுதியதைத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு நமக்கெல்லாம் சாதாரணம். ஹெலனுக்கு அது அந்தத் தேர்வோடு சரி. எல்லாப் பாடங்களிலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புநிலை பெற்றார்.

அடுத்த ஆண்டு கணிதம் வந்தது, இடரும் வந்தது. கரும்பலகையில் வரையும் வடிவ கணிதப் படங்களை அவர் எப்படி அறிவார்? ஒரு தலையணையின் மேல் நேரான கம்பிகளையும் வளைந்த கம்பிகளையும் குத்தி, முக்கோணமும் வட்டமும் அமைத்து, விரலால் தடவிப் பார்த்தார். எந்த முனைக்கு எந்த எழுத்து, எடுகோள் என்ன, நிறுவ வேண்டியது என்ன என்பதையெல்லாம் மனத்திலேயே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தேவையான கருவிகளும் புத்தகங்களும் காலத்தில் வந்து சேரவில்லை. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார் என்று கில்மன் கருதினார். பாடங்களைக் குறைத்து ஆண்டுகளைக் கூட்ட வேண்டும் என்றார். ஆன் சல்லிவன் ஒப்பவில்லை. மனக்கசப்பு முற்றி, 1897இன் கடைசியில் தாயார் மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்று இன்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தோன்றுகிறது. சுமை அதிகம் என்று சொன்னவர்கள் மாணவியின் ஆண்டுகளைக் கூட்டப் பார்த்தார்கள். புத்தகம் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

பிறகு மெர்ட்டன் கீத் என்ற ஆசிரியர் தனியாகப் பாடம் சொன்னார். முதலில் வாரம் இருமுறை, பின் ஐந்து முறை. அவசரமில்லை, கூச்சலில்லை. புரியாத கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் புரியும்வரை சொன்னார். கணிதத்தில் மந்தம் என்று தம்மைத் தாமே நினைத்திருந்த ஹெலன் தெளிவு பெற்றார்.

1899 ஜூன் 29, 30 ஆகிய இரு நாட்கள் இறுதித் தேர்வு. இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆன் சல்லிவன் வினாத்தாளைப் படித்துக்காட்டக் கூடாது என்று கல்லூரியார் முடிவு செய்தனர். விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார் என்று எவரும் ஐயுறக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். அதில் தவறு காண முடியாது. பெர்கின்ஸ் பள்ளி ஆசிரியர் யூஜின் வைனிங் என்பவரை அமர்த்தி, வினாத்தாள்களை அமெரிக்கப் பிரெய்லில் எழுதித்தரச் செய்தார்கள். அவர் ஹெலனுக்குப் பழக்கமில்லாதவர். பிரெய்ல் மூலமாக அன்றி இருவரும் பேசிக்கொள்ள முடியாது. தேர்வறை மேற்பார்வையாளரும் புதியவர். அவர் ஹெலனிடம் எவ்விதத்திலும் பேச முயலவில்லை.

இங்கே ஒரு செய்தியை விளக்கியாக வேண்டும். பிரெய்ல் என்றால் ஆறு புள்ளிகள், ஒரே எழுத்துமுறை என்று நாம் நினைக்கிறோம். அக்காலத்து அமெரிக்காவில் அப்படி இல்லை. ஆங்கிலப் பிரெய்ல் ஒன்று, அமெரிக்கப் பிரெய்ல் ஒன்று, நியூயார்க் புள்ளியெழுத்து என்று இன்னொன்று. ஒவ்வொரு பள்ளியும் தன் முறையே உயர்ந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஹெலனுக்கு உரைநடை படிக்க மூன்றும் தெரியும். ஆனால் கணிதக் குறிகள் மூன்றிலும் வேறு வேறு. அல்ஜீப்ராவை அவர் ஆங்கிலப் பிரெய்லில் மட்டுமே பழகியிருந்தார்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வைனிங், ஹார்வர்டின் பழைய அல்ஜீப்ரா வினாத்தாள் ஒன்றைப் புள்ளியெழுத்தில் எடுத்து அனுப்பிவைத்தார். ஹெலன் விரலை வைத்துப் பார்த்தால் குறிகள் விளங்கவில்லை. உடனே கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். மறு தபாலில் குறிகளின் பட்டியல் வந்தது. தேர்வுக்கு முந்திய இரவு, பிறை அடைப்பும் நெளிவு அடைப்பும் வர்க்கமூலக் குறியும் கலந்து வரும் இடங்களில் எது எது என்று பிரித்தறிய முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். கணக்கு தெரியும், கணக்கை எழுதியிருக்கும் குறி தெரியவில்லை. நம்மில் ஒருவருக்குப் பட்டத்தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, இனிமேல் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் வேறு உருவத்தில் இருக்கும், இதோ பட்டியல் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாம் மறியல் செய்திருப்போம்.

மறுநாள் தேர்வில் படித்ததை நினைவில் நிறுத்தவே அவருக்குப் பெரும்பாடாயிற்று. வடிவ கணிதத்திலும் இதே தொல்லை. ஆயினும் வென்றார். கல்லூரியார் மேல் அவர் தம் நூலில் வன்மம் காட்டவில்லை. எவ்வளவு கடினமாக்குகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை என்ற அளவில் விட்டுவிடுகிறார். அந்த வரியைப் படித்தபோது என் வாட்ஸ்அப் படங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. நானும் அறிந்திருக்கவில்லை. கேட்டிருந்தால் அறிந்திருப்பேன்.

இன்னும் ஓராண்டு காத்திருந்து 1900ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ராட்கிளிஃபில் முதலாண்டு மாணவியானார். படிப்புச் செலவுக்கு வழிசெய்தவர் எழுத்தாளர் மார்க் ட்வெயின். அவர் பேச்சைக் கேட்டுப் பணம் கொடுத்தவர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஹென்றி ரோஜர்ஸ் என்னும் செல்வர். முதலாண்டில் பிரெஞ்சு, ஜெர்மன், வரலாறு, ஆங்கிலக் கட்டுரை, ஆங்கில இலக்கியம். அடுத்த ஆண்டில் லத்தீன் நாடகம், ஹொரேஸின் கவிதைகள், ஐரோப்பிய அமெரிக்க அரசியல் முறைகள் முதலியன.

வகுப்பறையில் அவர் நிலை என்ன? பேராசிரியர் பேசுவது எங்கோ தொலைவில் நடப்பது. ஆன் சல்லிவனின் விரல்கள் பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஓடும். பொருள் வந்து சேரும். பேசுபவரின் குரலும் குணமும் சேரா. கேட்பதே கையால் என்பதால் குறிப்பெடுக்கக் கை இல்லை. வீடு திரும்பி, நினைவில் நின்றதைத் தட்டச்சில் எழுதிவைப்பார். அவர் பயன்படுத்திய ஹாமண்ட் பொறியில் எழுத்துத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். கிரேக்க எழுத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக் குறிகளுக்கு ஒன்று என்று வைத்திருந்தார். பாடநூல்களில் புள்ளியெழுத்தில் கிடைத்தவை சிலவே. மற்றவை பக்கம் பக்கமாக உள்ளங்கையில் எழுதிக்காட்டப்பட்டவை. வெளியே தோழியர் பாடி ஆடிக்கொண்டிருக்க, தாம் மட்டும் ஒரு சில இயல்களுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை எண்ணிச் சில வேளை மனம் கலகம் செய்யும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தெய்வப்பிறவி என்று நாம் தூக்கிவைத்துவிடும் அம்மையாரை, அந்த இடத்தில்தான் நான் சக மாணவியாக உணர்ந்தேன். தோழியர் அன்பில்லாதவர்கள் அல்லர். பணம் சேர்த்து அவருக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிப் பரிசளித்தார்கள். ஆனால் அவர் கையில் எழுதிப் பேசக் கற்றுக்கொள்வது நாய்க்குட்டி வாங்கித் தருவதைவிடக் கடினமான காரியம்.

இவ்வளவும் யார் கண்ணின் செலவில் நடந்தது என்று பார்க்க வேண்டும். ஆன் சல்லிவனின் கண்கள் நோயில் பாதி அழிந்தவை. லத்தீன் அகராதியும் ஜெர்மன் நாடகமும் சட்ட நூலும் அந்தக் கண்களின் வழியாகவே ஹெலனின் கைக்குப் போயின. நான்கு ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் அமர்ந்தார். ஒவ்வொரு நூலையும் படித்தார். 1904 ஜூன் 28ஆம் நாள் ஹெலன் கெல்லர் சிறப்புநிலையில் பி.ஏ. பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இல்லாத ஒருவர் அப்பட்டம் பெற்றது உலகில் அதுவே முதல் முறை. ஆன் சல்லிவனுக்குப் பட்டம் இல்லை. வயதான பின், 1932இல் டெம்பிள் பல்கலைக்கழகம் ஒரு கௌரவப் பட்டம் அளித்தது. முந்தின ஆண்டே ஹெலனோடு சேர்த்து அளிக்க முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தவர் அவர். 1936இல் அவர் மறைந்தபோது அக்கண்களில் ஒளியே எஞ்சியிருக்கவில்லை.

ராட்கிளிஃபை நான் குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே சார்லஸ் கோப்லண்டு என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி அவர் பொறுப்பு. ஹெலன் முதலில், கண்ணுள்ளவர்கள் எழுதுவதைப் போலவே எழுத முயன்றார். அவற்றில் உயிரில்லை. கோப்லண்டு அவரைத் தம் சொந்த வாழ்வை, தாம் விரலாலும் மூக்காலும் அறிந்த உலகை எழுதும்படி தூண்டினார். அப்படி வகுப்புக்கு எழுதிய கட்டுரைகளே 1902இல் ஒரு மகளிர் மாத இதழில் தொடராகி, மறு ஆண்டு நூலாயின. அந்தப் பேராசிரியர் பாடத்தின் தரத்தை ஒரு படிகூட இறக்கவில்லை. அந்த மாணவி எங்கே நின்றுகொண்டு எழுத முடியுமோ அங்கே நின்று எழுதச் சொன்னார்; அவ்வளவுதான். அந்நூலைப் பதிப்பிக்க உதவ வந்த ஜான் மேசி என்ற இளம் ஹார்வர்டு விரிவுரையாளர் அதற்காகவே கைவிரல் எழுத்தைக் கற்றார். பின்னர் ஆன் சல்லிவனை மணந்தார்.

பட்டத்துக்குப் பின் வந்த அறுபது ஆண்டுகளை விரைந்து சொல்கிறேன். பார்வையிழப்புக்கு வறுமையும் நோயும் தொழிற்சாலை விபத்தும் காரணமாவதைக் கண்டு 1909இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதுவரை அவரைப் புகழ்ந்த செய்தித்தாள்கள் சில அன்று முதல் அவர் அறிவையே ஐயுற்றன. 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளைக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். தம்மை அலைக்கழித்த பல புள்ளியெழுத்துகளின் சண்டை ஒழிந்து ஒரே முறை வர வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1932இல் ஆங்கிலத்துக்குப் பொதுவான ஒரு பிரெய்ல் முறையை அமெரிக்காவும் பிரிட்டனும் ஏற்றன. 1931இல் பார்வையற்ற பெரியவர்களுக்கான புத்தகங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வழியாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கும் சட்டம் வந்ததற்கு அவர் வாதாடியதும் துணை செய்தது. ஒரு மாணவிக்கு ஒருவர் கை என்பது போய், எல்லாருக்கும் புத்தகம் என்று ஆக வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பது, 1899 ஜூன் மாதத்து இரவை அறிந்தவர்களுக்குப் புரியும்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் மொழிக்கு மொழி, பள்ளிக்குப் பள்ளி வேறு வேறு புள்ளியெழுத்துகள் இருந்தன. 1951இல் பாரதி பிரெய்ல் என்ற பொது முறை ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடக்கம். அம்மையார் 1955இல் இந்தியாவுக்கு வந்தார், நேருவைச் சந்தித்தார். அதே ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகம் ஒரு பெண்ணுக்குத் தந்த முதல் கௌரவப் பட்டம் அது. மாணவியாக வரும்போது மூடியிருந்த பெரிய வாசல் எழுபத்தைந்தாம் வயதில் திறந்தது. 1968 ஜூன் 1ஆம் நாள் உறக்கத்திலேயே காலமானார். அவர் அஸ்தி வாஷிங்டன் தேவாலயத்தில் ஆன் சல்லிவனின் அஸ்திக்கு அருகில் வைக்கப்பட்டது.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என் நண்பருக்கு இடஒதுக்கீடு உண்டு. தேர்வில் சொல்லச் சொல்ல எழுதுபவர் உண்டு; மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஹெலனுக்கு இவை எவையும் சட்டப்படி கிடைக்கவில்லை. ஆனால் அகமதிப்பீட்டுத் தேர்வன்று எழுத வந்தவர் வேறு துறையின் முதலாண்டு மாணவர். ரோபெஸ்பியர் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பதிலேயே கூடுதல் நேரம் தீர்ந்துவிட்டதாக நண்பர் சொன்னார். பிரெஞ்சுப் புரட்சியில் அவருக்குத் தெரியாதது என்னவென்று எங்கள் வகுப்பில் எவரும் சொல்ல முடியாது.

இப்போது நானும் இன்னும் மூவரும் முறைவைத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து குழுவில் போடுகிறோம். ஒரு நாள் பாடத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், நண்பருக்காகத் தொடங்கியதைப் பேருந்தில் நின்றுகொண்டே காதில் கருவியை மாட்டிக் கேட்டுவருபவர்கள் இப்போது வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் அவர்கள். படிக்க உட்கார நேரமில்லாதவர்கள். விரிவுரையாளர்கள் இருவர் தம் குறிப்புகளைத் தாமே தட்டச்சில் தரத் தொடங்கிவிட்டனர். மற்றவர்களிடம் இந்தக் கட்டுரையின் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத வருபவரை வரலாற்று மாணவர்களிலேயே, கீழ் வகுப்பிலிருந்து, ஒரு வாரம் முன்னதாகவே அமர்த்தித் தருமாறும், வரைபட வினாவுக்கு மாற்று வினா தருவதா அல்லது தடவிப் பார்க்கும் வரைபடம் தருவதா என்று நண்பரையே கேட்டு முடிவு செய்யுமாறும் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.

நண்பரைக் கேட்டால் வரைபடமே வேண்டும் என்கிறார். ஹெலனின் தலையணையையும் களிமண் மலைகளையும் பற்றி அவருக்குப் படித்துக்காட்டியிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில், தடித்த அட்டையில் ஐரோப்பாவின் கரையோரத்தைச் சணல் கயிற்றால் ஒட்டினோம். நாட்டு எல்லைகளுக்குத் தையல் நூல், நகரங்களுக்கு ஜவ்வரிசி. பசை காய்ந்ததும் நண்பர் தடவிப் பார்த்தார். இத்தாலி பூட்சுக் கால் போல இருக்கும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அன்றுதான் அந்தக் குதிகாலைத் தொட்டார். பிறகு விரல் மேலே ஏறிப் பிரான்சின் வட கரையில் நின்றது. இங்கும் அங்கும் இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, இப்படி இருந்தால் நெப்போலியன் நடந்தே இங்கிலாந்துக்குப் போயிருப்பானே, ஏன் போகவில்லை என்று கேட்டார். குனிந்து பார்த்தோம். ஆங்கிலக் கால்வாய்க்கு இடம் விடாமல் இரண்டு கரையையும் ஒன்றாக ஒட்டியிருந்தோம். கயிற்றைப் பிய்த்தெடுத்து மறுபடியும் ஒட்ட உட்கார்ந்தோம்.